பட்டாளத்தின் பின்னால் போன குடும்பங்கள்

சென்னை ராஜதானியின் சிப்பாய்கள் மனைவி மக்களை உடன் வைத்துக்கொண்டே பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள். வங்காளப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை அவத், பீகார்ப் பக்கத்துக் கிராமங்களில் விட்டுவிட்டு வந்து, விடுப்பு கிடைத்தபோது ஊருக்குப் போய்த் திரும்பினார்கள். சென்னைப் படையில் அந்த வழக்கம் வேர்கொள்ளவில்லை. மனைவி, பிள்ளைகள், வயதான தாய், கணவனை இழந்த அக்காள் என்று ஒரு சிப்பாயின் சம்பளத்தை நம்பியிருந்த எல்லோரும் பட்டாளம் போன ஊருக்கெல்லாம் போனார்கள். செங்கல்பட்டுச் சீமையின் சாலைகளில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பட்டாளம் இடம் மாறியது என்றால் ஒரு சிற்றூரே இடம் மாறியது என்று பொருள்.

சென்னைப் படையின் தொடக்க காலச் சண்டைகளில் ஒன்று கடற்கரை ஊரான திருவிடந்தைக்குப் பக்கத்திலேயே நடந்தது. அங்குள்ள நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோவளத்தில் அப்போது கடலோரக் கோட்டை ஒன்று இருந்தது. அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1752-இல் ராபர்ட் கிளைவ் புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்களையும், கப்பலில் வந்திறங்கிய 200 ஐரோப்பியரையும் கூட்டிக்கொண்டு அதைத் தாக்கினார். முதல் குண்டு விழுந்ததும் பலர் ஓடினார்கள். ஒருவரை மறுநாள் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள். ஆனாலும் கோவளம் வீழ்ந்தது, அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையும் வீழ்ந்தது. அன்றைய சிப்பாய்கள் கூலிக்குச் சேர்ந்த கூட்டங்களாகவே இருந்தார்கள். 1758-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவர்களை முறையான பட்டாளங்களாகத் திரட்டத் தொடங்கினார். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

பட்டாளம் நிலையாகத் தங்கிய இடத்தைத் தமிழில் தண்டு என்றார்கள். பரங்கிமலையில் பீரங்கிப் படையும் பல்லாவரத்தில் சிப்பாய்ப் படையும் தண்டு இறங்கின. ஐரோப்பிய வீரர்களுக்குக் கட்டடம் கட்டித் தந்த கிழக்கிந்தியக் கும்பெனி, சிப்பாய்களுக்கு வீடு கட்டித் தரவில்லை. குடிசை போட்டுக்கொள்ள ஒரு தொகை தந்தது. மூங்கிலும் ஓலையும் மண்ணும் அவர்கள் பொறுப்பு. அப்படி வரிசை வரிசையாக எழுந்த குடிசைகள்தான் ‘லைன்’. அங்கே அடுப்பு எரிந்தது, ஆடு கோழி வளர்ந்தது, பிள்ளை பிறந்தது. சிப்பாயின் மகன்கள் சிறுவயதிலேயே ‘ரெக்ரூட் பையன்’ என்ற பெயரில் பட்டாளக் கணக்கில் சேர்ந்து, வளர்ந்ததும் தகப்பன் நின்ற வரிசையில் நின்றார்கள். தண்டில் பிறந்து தண்டிலேயே பெண் எடுத்தவர்களுக்குச் சொந்த ஊர் என்பது பெயரளவில் இருந்தது. உறவுமுறை எல்லாம் பட்டாளத்துக்குள்ளேயே அமைந்தது.

இந்த ஏற்பாட்டின் சுமை இடமாற்றத்தில்தான் தெரிந்தது. சிப்பாய் அணிவகுத்து நடந்தார். குடும்பம் மாட்டுவண்டியில் பின்னால் வந்தது. வண்டி வாடகை சிப்பாயின் பணம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர் சம்பளம் மாதம் 7 ரூபாய். 1895-இல்தான் அது 9 ரூபாயானது. தூரத்து ஊருக்கு ஒரு மாற்றல் வந்தால் வட்டிக்கடைக்குப் போகாமல் தீராது. வண்டிக்கு வழியில்லாதவர் வீட்டுப் பெண்கள் கைப்பிள்ளையோடு நடந்தார்கள்.

போர்க்காலம் இதைவிடக் கொடியது. 1780-இல் ஹைதர் அலி கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார். ஊர்கள் எரிந்தன, பயிர் போயிற்று, 1782-இல் சென்னையில் பஞ்சம் விழுந்தது. சிப்பாய்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை. களத்தில் நின்றவருக்குக் கஞ்சியாவது கிடைத்தது. அவர் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. அப்படியும் பெரும்பாலோர் படையை விட்டுப் போகவில்லை என்பதைப் பின்னாளில் ஆங்கிலேயத் தளபதிகளே வியந்து எழுதினார்கள். அந்த விசுவாசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் லைனில் இருந்த பெண்களும் பிள்ளைகளும்.

குடும்பம் அருகில் இருந்ததும் பிரிந்ததும் படையின் போக்கையே தீர்மானித்த தருணங்கள் உண்டு. வேலூரில் சிப்பாய்கள் கோட்டைக்கு வெளியே தத்தம் குடும்பத்தோடு குடிசைகளில் வாழ்ந்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் அணிவகுப்பு வைத்திருந்ததால், முந்தைய இரவு அவர்களில் பெரும்பாலோரைக் கோட்டைக்குள்ளேயே தங்கச் சொன்னார்கள். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி கூடாது என்ற ஆணையும் மூட்டிய கோபம் அன்றிரவு வெடித்தது. வழக்கம்போல் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் வேலூர்ப் புரட்சி அந்த இரவில் அப்படி நடந்திருக்க முடியாது.

1843-இல் இன்னொரு விதமாக நடந்தது. ஆற்காட்டிலிருந்து நாக்பூர் அருகே உள்ள காம்ப்டிக்குப் போன சென்னைப் படையின் 6ஆம் குதிரைப்படையை மேலும் வடக்கே ஜபல்பூருக்கு அனுப்பினார்கள். தற்காலிகப் பணி என்று நம்பி வீரர்கள் குடும்பங்களைப் பின்னால் விட்டுச் சென்றார்கள். அங்கேயே இருக்கவேண்டும் என்று தெரிந்ததும் கீழ்ப்படிய மறுத்தார்கள். இராணுவ நூல்கள் இதை ஒழுங்கு மீறல் என்று பதிவு செய்கின்றன. வீட்டைப் பார்க்கமுடியாமல் போனவர்களின் முறையீடு என்பதே சரியான பெயர்.

கடல் கடந்த பணிக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 1780-இல் விசாகப்பட்டினத்தில் கப்பலேற மறுத்துச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ஆனால் 1811-இல் ஜாவாவுக்கும், 1824-இல் ரங்கூனுக்கும், பினாங்கு, சிங்கப்பூர்க் காவலுக்கும் சென்னைப் படைகள் போயின. கப்பலேறுமுன் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு எழுதிவைத்தார். அதற்குக் குடும்பச் சான்று என்று ஒரு சீட்டு உண்டு. மனைவியோ தாயோ அதைக் காட்டி மாதாமாதம் பணம் வாங்கினார்கள். 1880-இல் அஞ்சல் துறை மணியார்டரைத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சென்னைச் சிப்பாய் வீட்டுக்குப் பணம் சேர்த்த வழி இது.

இந்த உலகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலைந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு ஏற்றவரல்லர் என்று முடிவு கட்டினார். பின்னர் இந்தியா முழுவதற்கும் தலைமைத் தளபதியானபோது அந்த எண்ணத்தை நடைமுறையாக்கினார். தமிழ், தெலுங்குப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. 1895-இல் ராஜதானிப் படைகள் ஒன்றாக்கப்பட்டன. 1928-இல் 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட் அடியோடு கலைக்கப்பட்டது. தலைமுறைகளாக லைனில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது வேலை இழப்பு மட்டுமாக நிற்கவில்லை, அவர்களுக்கு ஊரே இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போர் ஆள் கேட்டபோது, 1941-இல் அதே ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. 1947-இல் அதன் மையம் நீலகிரி வெலிங்டனுக்கு வந்தது.

அதன்பின் பயணத்தின் திசை மாறிவிட்டது. குடும்பம் ஊரில் நின்றது. பட்டாளத்துக்காரர் குடும்பத்தைத் தேடி வந்தார். ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ஜம்முவிலிருந்தோ அசாமிலிருந்தோ செங்கல்பட்டுக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ரயிலிலேயே போகும். பெயரும் எண்ணும் வெள்ளை எழுத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, ஹோல்டால், உள்ளே கேன்டீன் சாமான், குளிர்நாட்டுக் கம்பளி: ‘லீவில் வந்திருக்கிறார்’ என்றால் தெருவுக்கே தெரியும். திரும்பும்போது அதே பெட்டியில் ஊறுகாயும் முறுக்கும் சாம்பார்ப் பொடியும் ஏறும். இடைப்பட்ட மாதங்களில் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு உள்நாட்டுக் கடிதங்கள் போயின. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது முகவரியில் இராது. தந்தி வந்தால் மட்டும் வீடு நடுங்கியது. 1962, 1965, 1971 போர்களின்போது தந்திச் சேவகரின் சைக்கிள் மணி எத்தனையோ வீடுகளில் அடுப்பை அணைத்தது.

பெண் பார்ப்பது, நிச்சயம், கல்யாணம் எல்லாம் விடுப்பு நாளை எண்ணியே நடந்தன. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் திருமணம் கைகூட வேண்டிக்கொள்ளும் தெய்வம். வேண்டுபவர் மாலை அணிந்து ஒன்பது முறை கோயிலை வலம் வந்து அந்த மாலையை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனபின் அந்தப் பழைய மாலையோடு தம்பதியாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு மாத விடுப்பில் வருபவருக்கு அந்த இரண்டாவது வருகை பெரும்பாலும் அடுத்த விடுப்பில்தான் வாய்க்கும்.

குடும்பத்தை அழைத்துப்போக ராணுவக் குடியிருப்பு கிடைத்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு மாநிலம் என்று மாறினால் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது? 1963-இல் ராணுவப் பள்ளிகள் இருபதை எடுத்துக்கொண்டு மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கேந்திரிய வித்யாலயா என்று இன்று எல்லோரும் அறிந்த பள்ளிகள் அவையே. இடம்மாறும் குடும்பங்களுக்காக அரசு செய்தவற்றில் இதுவே மிகப் பெரியது.

2018 ஏப்ரலில் திருவிடந்தைக் கடற்கரையில் மத்திய அரசின் பாதுகாப்புத் துறைக் கண்காட்சி நடந்தது. பொதுமக்களை அனுமதித்த நாளில் பீரங்கிகளையும் டாங்கிகளையும் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் திரண்டது. பழைய தண்டு இருந்த பரங்கிமலையில் வேறு வகையான கூட்டம் கூடுகிறது. அங்கே 1963-இல் முளைத்த பயிற்சிப் பள்ளி இப்போது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1992 முதல் பெண்களும் பயில்கிறார்கள். வழக்கமாக மார்ச்சிலும் செப்டம்பரிலும் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கும்போது நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் ரயிலேறி வருகிறார்கள். அணிவகுப்பு முடிந்ததும், புதிய அதிகாரியின் தோளில் நட்சத்திரத்தைக் குத்துவது தாயும் தகப்பனும்தான்.