கொள்வோர் அறிந்து கொடுத்த சதுரங்கம்

பண்டம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது; அதனை வேண்டுவோர் யாவர் என்பதையும் வணிகன் அறிதல் வேண்டும். சதுரங்க மென்பொருள் விற்றோரின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

1976ஆம் ஆண்டிலே கனடாவில் வாழ்ந்த பீற்றர் ஜெனிங்ஸ் என்பவர், கிம்-1 என்னும் சிறு கணினிக்கென 'மைக்ரோசெஸ்' என்ற மென்பொருளை இயற்றினார். ஏறத்தாழ ஒரு கிலோபைற்று நினைவகத்துள் அடங்கிய அதன் ஆட்டம் மிக எளியது. தேர்ந்த ஆட்டக்காரர் அதனை விரும்பியிரார். ஆயினும் அவர் நாடியது அவர்களையன்று, அக்கணினியை வைத்திருந்தோரையே. விலை 10 டொலர். தம் கருவி சதுரங்கம் ஆடுவதைக் காண விழைந்த அவர்கள், அச்சிற் கிடைத்த கட்டளைகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாகப் பதித்துக் கொண்டனர்.

பத்தாண்டுகளின் பின் ஜேர்மனியிலே தோன்றிய 'செஸ்பேஸ்' வேறொரு கூட்டத்தாரை நோக்கிற்று. அது எதிரே அமர்ந்து ஆடும் மென்பொருளாகப் பிறந்ததன்று. முன்னர் ஆடப்பட்ட ஆட்டங்களைத் தொகுத்து, வேண்டியவற்றைத் தேடித் தரும் ஏடாகும். 1985இலே ஹம்பேர்க் நகரில் எட்டுப் பேருடன் ஒரே வேளையில் ஆடிய கஸ்பரோவ், மூன்றரைக்கு நாலரை என்ற கணக்கிலே தோற்றார். 1987இலே, உலக வெற்றிவீரராக மீண்டும் அங்கு வந்தபோது, எதிராளிகளின் பழைய ஆட்டங்களைச் செஸ்பேஸின் துணையாற் பயின்றிருந்தார்; ஏழுக்கு ஒன்று என வென்றார். போட்டிக்கு ஆயத்தமாகும் வீரர்கள் தமக்கு வேண்டிய பொருள் எதுவென அன்று கண்டுகொண்டனர்.

மைக்ரோசெஸ்ஸைக் கஸ்பரோவிடமும், செஸ்பேஸைப் பொழுதுபோக்கு நாடியோரிடமும் கொண்டு சென்றிருப்பின், இரண்டுமே விலைபோயிரா. ஆட்டம் ஒன்றே, அதனிடத்து அவரவர் வேண்டியது வேறு.