காக்கிச் சட்டைக்கு ஏங்கிய தலைமுறை

1917-ஆம் ஆண்டு. கல்கத்தா ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த சுபாஷ் சந்திர போஸுக்கு வயது இருபது. முந்தைய ஆண்டுதான், பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் அங்கிருந்து நீக்கப்பட்டிருந்தார். அதற்கும் முன்னால், குருவைத் தேடி வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு ஹரித்துவார், மதுரா, காசி என்று அலைந்து திரும்பியவர். உலகப் போருக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த 49-ஆவது வங்காளப் படைப்பிரிவில் சேரப் போனபோது, கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. அதன்கீழ் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு மாணவர் படை தொடங்கினார்கள். இங்கே மருத்துவப் பரிசோதனை அவ்வளவு கெடுபிடியாக இல்லை. போஸ் சேர்ந்துவிட்டார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1937 டிசம்பரில், ஆஸ்திரியாவின் பாட்காஸ்டைன் நகரில் ஓய்வெடுத்தபடி தன் இளமைக்காலத்தை எழுதிய போஸ், இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார். வில்லியம் கோட்டைக்கு அருகே மாதக்கணக்கில் கூடார வாழ்க்கை. பயிற்சி அளித்தவர் கேப்டன் கிரே என்ற ஸ்காட்லாந்துக்காரர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கரடுமுரடான பேச்சு, நல்ல மனசு. புத்தகம் தூக்கியே பழகிய இந்தப் பையன்களைப் பட்டாளத்துக்காரர்களாக ஆக்க முடியாது என்று மற்றவர்கள் நினைத்தபோது, முடியும் என்று நின்றவர் அவர். பிறகு பெல்கரியாவில் துப்பாக்கி சுடும் பயிற்சி. சாமியார்களின் காலடியில் உட்கார்ந்து கடவுளைத் தேடியவன், வெள்ளை அதிகாரியின் கட்டளைக்குத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்கிறானே என்று போஸே வியக்கிறார்.

அந்த நினைவுகளில் மிக ஆழமானது வேறொன்று. துப்பாக்கிகளை வாங்கிவர மாணவர்கள் அணிவகுத்து வில்லியம் கோட்டைக்குள் நுழைந்தார்கள். சாதாரண இந்தியர் கால்வைக்க முடியாத இடம் அது. பிறப்புரிமையாக நமக்குச் சேரவேண்டிய ஒன்று பறிபோயிருந்தது, இன்று அதை மீட்கப் போகிறோம் என்ற நிறைவு அப்போது ஏற்பட்டதாக அவர் எழுதுகிறார். பிற்காலத்தில் ஒரு படையையே நடத்தியவரின் இந்த இளமை நினைவு, அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோருடைய ஏக்கத்தையும் சொல்லிவிடுகிறது.

துப்பாக்கி கிடக்கட்டும், வெறும் சாரணக் கழிகூட அன்று இந்தியச் சிறுவனுக்கு எளிதாகக் கிடைக்கவில்லை.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1876-இல் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தவர். பிற்பாடு மீரட்டில் ஒரு படைப்பிரிவின் தலைவராக இருந்தபோது, தடம் பார்த்தல், ஒளிந்திருந்து கவனித்தல், தனியாகச் சென்று செய்தி கொண்டுவருதல் போன்ற வேவுக் கலைகளைத் தன் வீரர்களுக்குக் கற்பித்தார். 1899-இல் தென்னாப்பிரிக்காவின் மேஃபெகிங் நகரம் முற்றுகைக்குள்ளாகி 217 நாள் தாக்குப்பிடித்தபோது, செய்தி சுமந்து ஓடிய சிறுவர் அணியை அங்கே பார்த்தார். 1907-இல் பிரவுன்ஸீ தீவில் முதல் முகாம், 1908-இல் சிறுவர்களுக்கான கையேடு, 1909-இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய இந்தியாவின் முதல் சாரணர் குழு. எல்லாம் வேகமாக நடந்தன. ஆனால் இங்கே அதில் இடம் பெற்றவர்கள் ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகள் மட்டுமே. இந்த மண்ணில் வைத்துப் பழகிப்பார்த்த வித்தைகள் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டன.

சாரணம் அமைதிக்கான இயக்கம், இராணுவப் பயிற்சி அல்ல என்று பேடன் பவல் சொல்லிவந்தார். அதை அவர் மனதார நம்பியிருக்கலாம். ஆனால், முகாமிடவும் தடம் பார்க்கவும் கூட்டாகச் செயல்படவும் கற்றுக்கொண்ட இந்திய இளைஞர்கள் நாளை புரட்சிக்காரர்களாக மாறிவிடுவார்கள் என்று அரசு அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்தப் பயிற்சியின் வலிமை என்ன என்பதற்கு அந்த அச்சத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

கதவு திறக்காதபோது பக்கத்திலேயே இன்னொரு வாசல் வைத்தவர்களில் முதன்மையானவர்கள் சென்னையில் இருந்தார்கள். அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திவந்த அன்னி பெசன்ட், 1916-இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கியவர். அதே காலகட்டத்தில் ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தை அமைத்தார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. முகாம் தீயைச் சுற்றி நம் நாட்டுப் பாடல்கள். 1917 ஜூனில் அரசு பெசன்ட்டையும் அருண்டேலையும் அவர்களோடு பணியாற்றிய வாடியாவையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. நாடே கொந்தளித்ததால் செப்டம்பரில் விடுவித்தது. இப்படிப்பட்டவர்கள் நடத்திய சாரணர் குழுவில் மகனைச் சேர்க்க அன்றைய தகப்பனுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

வடக்கே, ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-லேயே சிறுவர்களைத் திரட்டியிருந்தார். 1918-இல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோரின் முயற்சியோடு அது சேவா சமிதி சாரணர் சங்கமாக வளர்ந்தது. 1921-இல் பேடன் பவலே இந்தியா வந்தார். பெசன்ட்டின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. பெசன்ட்டுக்குக் கௌரவ ஆணையர் பதவி கிடைத்தது. சேவா சமிதி இணையவில்லை. அவர்களுடைய பிடிவாதத்தில் நியாயம் இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. 1937-இல் மறுபடி வந்த பேடன் பவல் இந்தியரின் குணத்தைத் தாழ்த்திப் பேசியதாகச் செய்தி பரவ, பலர் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது.

போஸுக்கோ அந்தக் கோட்டை நினைவு மங்கவேயில்லை. 1928-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் தொண்டர் படைக்குச் சீருடை மாட்டி, தானே தளபதியாக நின்றார். பெண் தொண்டர்களும் அணிவகுத்தார்கள். தாய் அம்மு சுவாமிநாதனோடு சென்னையிலிருந்து போய் அதை நேரில் பார்த்த லட்சுமிக்கு அப்போது பதினான்கு வயது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமியாக, போஸ் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான்.

1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் அந்தப் பெண்கள் படையின் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் ஏராளம். விறைப்பாக நிற்பது, அணிநடை, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவது, கைக்குண்டு எறிவது, இரவுநேர நெடுநடை என்று பயிற்சி நடந்தது. ஈப்போவின் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராசம்மா தன் சகோதரி பொன்னம்மாவோடு சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. பிற்காலத்தில் ராசம்மா பூபாலன் என்ற பெயரில் மலேசியாவின் மதிப்புமிக்க ஆசிரியராகவும் ஆசிரியர் சங்கத் தலைவராகவும் விளங்கியவர் அவர். நேதாஜி போஸின் பேச்சைக் கேட்டு, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் ஜானகி. வசதியான வீட்டில் செல்லமாக வளர்ந்த தமக்கு முகாமின் சாப்பாட்டைத் தாங்குவதே முதலில் பெரும்பாடாக இருந்தது என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஜானகி ஆதி நாகப்பன், மலேசிய மேலவை உறுப்பினராகி, 2000-இல் பத்மஸ்ரீ பெற்று, 2014-இல் மறைந்தார்.

வேட்டுச் சத்தத்தைவிட இந்தப் பெண்களுக்குப் பெரிய அனுபவம், தோட்டத்துத் துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்து நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து நிற்கப் பழகியதே என்பேன். பல படை வரலாறுகள் இதற்குப் போதிய இடம் ஒதுக்குவதில்லை.

சுதந்திரம் நெருங்கியபோது, மாணவர்களுக்கான படைப் பயிற்சியை நாடு முழுவதற்கும் வகுத்துத்தர 1946-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், சேவா சமிதியில் சாரணம் வளர்த்த அதே குன்ஸ்ரு. 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. மறு ஆண்டே பெண்கள் பிரிவும் தொடங்கியது. படையில் சேர்ந்த மாணவருக்குப் போர்முனைக்குச் செல்லும் கடமை எதுவும் இல்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 1950 நவம்பர் 7-இல் பிரிந்துகிடந்த சாரணர் சங்கங்கள் ஒன்றாகி, பாரத சாரணர் அமைப்பு பிறந்தபோது, அதன் முதல் தேசிய ஆணையரும் குன்ஸ்ருதான். இரண்டுக்கும் ஒருவரே வித்திட்டும், இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகவே வளரவிட்டது அவருடைய பெரிய விவேகம்.

ஜான்சி ராணி படையிலும் சிறுவர்களுக்கான பாலசேனையிலும் பயின்றவர்களின் குடும்பங்கள் இன்றும் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பாட்டியின் பழைய படமோ, பயிற்சிக் குறிப்பேடோ, வாய்வழியாக வந்த நினைவோ இருந்தால், தயவுசெய்து எழுதிவையுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய பிள்ளைகளுக்கே இப்போது எழுபது வயது ஆகிவிட்டது.