வேஷம் கட்டிய விமானங்கள் – 7: கோத்தாவின் வயிற்றுக்குள் ஒருவர்

போன வாரம் ஹோவர்ட் ஹியூஸை நொறுங்கிய விமானத்துக்குள் விட்டுவிட்டுத் 'தொடரும்' போட்டிருந்தேன். வாரம் முழுக்கக் கவலையோடு காத்திருந்தவர்களுக்கு முதலில் நல்ல செய்தி.

பிழைத்துக்கொண்டார்.

முகத்தில் பலத்த அடி. நினைவு தப்பிவிட்டது. தாமஸ்-மோர்ஸ் விமானத்தில் தரையை ஒட்டித் திருப்பம் போடாதீர்கள் என்று அனுபவசாலிகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்காமல் ஏறி விழுந்தார். இன்னொருவராக இருந்தால் அதோடு வானத்தை விட்டே ஒதுங்கியிருப்பார். ஹியூஸ் எழுந்து வந்து, தான் எடுத்துக்கொண்டிருந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற விமானப்போர்ப் படத்தின் படப்பிடிப்பைத் தொடர்ந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைக்கருவியால் அப்பா சம்பாதித்த பணம் கையில் இருந்தது. தட்டிக் கேட்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. வயதோ இருபதுகளின் தொடக்கம்.

அவருக்கு இப்போது ஒரு கோத்தா வேண்டும்.

முதல் உலகப் போரில் லண்டன்மீது குண்டு போட்ட ஜெர்மானிய ராட்சதன் அது. படத்தின் உச்சக்கட்டமே அதில்தான். கதாநாயகர்கள் இருவரும் பிடிபட்ட கோத்தா ஒன்றில் எதிரியின் எல்லைக்குள் போய் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்கிறார்கள். திரும்பும் வழியில் ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொள்ள, விமானம் சுழன்று சுழன்று விழுகிறது. ஆனால் பறக்கும் நிலையில் கோத்தாவுக்கு எங்கே போவது? வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் போர் விமானங்களைக் காவு வாங்கிவிட்டது. உடைத்து விறகாக்கியவை போக மிச்சம் இல்லை.

சின்ன விமானங்களுக்குப் பிரச்சினை இருக்கவில்லை. கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் செய்த டிராவல் ஏர் விமானங்களின் இறக்கை நுனி யானைக்காது மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். ஜெர்மானியப் போர் விமானமான ஃபாக்கர் டி-7 சாயல் அப்படியே வரும். மேலே ஜெர்மானியச் சிலுவையைத் தீட்டினால் போதும். விமானிகளே அவற்றை 'விச்சிட்டா ஃபாக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள். கோத்தாவுக்கு அந்த வித்தை செல்லாது. இரண்டு எஞ்சின் வேண்டும். எழுபது அடியை ஒட்டிய இறக்கை வேண்டும்.

அப்படி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதன் பிறப்பைச் சொல்லாமல் இறப்பைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரஷ்யப் புரட்சிக்குத் தப்பி வந்த ஈகோர் சிகோர்ஸ்கி, லாங் தீவில் ஒரு கோழிப் பண்ணையில் உட்கார்ந்து கட்டிய விமானம் அது. கூடவே உழைத்தவர்கள் அவரைப் போலவே நாட்டை விட்டு வந்த ரஷ்யர்கள். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய சட்டங்களெல்லாம் அதில் உண்டு. பணம் தீர்ந்து கைபிசைந்து நின்ற நேரத்தில் இசைமேதை ராக்மானினோஃப் 5,000 டாலர் கொடுத்தார். 1924 மே மாதம் முதல் பறப்பு. உழைத்தவர்கள் ஆளுக்கு ஆள் ஆசையோடு ஏறிக்கொண்டார்கள். யாரையும் இறங்கச் சொல்ல சிகோர்ஸ்கிக்கு வாய் வரவில்லை. பழைய எஞ்சின்களால் அந்தப் பாரத்தை இழுக்க முடியவில்லை. கோல்ஃப் மைதானத்தில் இறங்கி நொறுங்கியது. மறுபடி பணம் தேடினார்கள், மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை தலா 400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லிபர்ட்டி எஞ்சின்கள். செப்டம்பரில் பறந்தேவிட்டது. எஸ்-29-ஏ என்று பெயர். 'ஏ' என்பது அமெரிக்கா. அடைக்கலம் தந்த நாட்டுக்கு நன்றி.

பிறகு அது ராஸ்கோ டர்னர் என்ற விமானியின் கைக்கு வந்தது. பறக்கும் சுருட்டுக் கடையாக ஊர் ஊராகச் சுற்றியது. கடைசியில் ஹியூஸ் வாங்கினார்.

கோத்தா வேஷம் கட்டினார்கள். நிறத்தை மாற்றிச் சிலுவை தீட்டியாகிவிட்டது. உற்றுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அசல் கோத்தாவின் சுழல்விசிறிகள் இறக்கைக்குப் பின்னால் இருக்கும். இதற்கு முன்னால். திரையரங்கில் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்? நமக்கு முக்கியம் வேறொன்று. இதன் விமானி இறக்கைகளுக்கும் பின்னே, திறந்த குழியில் உட்கார்ந்து ஓட்டவேண்டும். அவருக்கும் பின்னால் நீண்ட உடற்கூடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காட்சியும் எடுத்தாயிற்று. ஒன்று பாக்கி.

அந்தச் சுழற்சி.

புனேக்குப் பக்கத்தில் ஹடப்சரில் கிளைடிங் மையம் இருக்கிறதே, அங்கே எஞ்சினில்லா விமானம் பழகியவர்களைக் கேளுங்கள். ஸ்பின் என்ற சொல்லுக்கு அவர்களிடம் தனி மரியாதை உண்டு. வேகம் குறைந்து ஒரு பக்க இறக்கை தாங்கும் சக்தியை முதலில் இழக்கும். மறுபக்கம் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும். உடனே விமானம் மகாகனி விதைபோலச் சுழன்று இறங்கத் தொடங்கும். எதிர்ப்பக்கச் சுக்கானை அழுத்து, கைப்பிடியை முன்னே தள்ளு. இதுதான் மீளும் வழி. நல்ல விமானம் கேட்கும். குச்சிகளும் கம்பிகளும் இழுத்துப் பிடித்திருக்கிற ஒரு பெரிய இரட்டை இறக்கை விமானம் கேட்குமா? அது சரக்கும் ஆளும் ஏற்றுவதற்காகக் கட்டியது. சுழற்றுவதற்காக அல்ல.

டர்னருக்கு அது தெரியும். அந்த விமானத்தை அவரைவிட அறிந்தவர் அங்கே கிடையாது. மாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்களும் தயங்கினார்கள். இந்தப் படத்துக்காக ஏற்கெனவே இரண்டு விமானிகள் செத்திருந்தார்கள்.

ஆல் வில்சன் ஒப்புக்கொண்டார்.

அவர் கற்றுக்குட்டி இல்லை. இயக்குநர் செசில் பி. டிமில்லுக்கே பறக்கக் கற்றுக்கொடுத்தவர். இறக்கைமேல் நடந்து காட்டிப் பெயர் வாங்கியவர். இன்னொருவன் முடியாது என்ற காரியத்தைச் செய்து காட்டுவதுதான் அந்தத் தொழிலில் கௌரவம். அந்தக் கௌரவம்தான் அவரை ஏற்றிவிட்டது என்பது என் எண்ணம்.

அடிபட்ட விமானம் என்றால் புகை வரவேண்டுமே? விளக்குக்கரித் தூளை வெளியே தள்ள ஓர் ஆள் உடற்கூட்டுக்குள் இருக்கவேண்டும். மெக்கானிக் ஃபில் ஜோன்ஸ் அந்த வேலைக்கு வந்தார். இருவருக்கும் பாராசூட் உண்டு. ஒரு சுழற்சி. புகை. படம் பிடித்ததும் நிமிர்த்திவிடுவது, முடியாவிட்டால் குதிப்பது. திட்டம் அவ்வளவே.

1929 மார்ச் 22. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு.

பல ஆயிரம் அடி உயரம். சுற்றிலும் கேமரா விமானங்கள். வில்சன் மூக்கைத் தூக்கினார். வேகம் செத்தது. ஓர் இறக்கை சாய்ந்தது. சுழற்சி ஆரம்பித்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஜோன்ஸ் கரியைத் தள்ளினார். கறுப்புப் புகை வளையம் வளையமாக வானத்தில் எழுந்தது. ஹியூஸ் கேட்ட காட்சி அப்படியே கேமராவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஏதோ முறிந்தது.

விமானம் பிய்ந்துகொண்டு போகிறது என்றே நினைத்ததாக வில்சன் பிறகு சொன்னார். குதி என்று ஜோன்ஸைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டுத் தானும் குதித்தார்.

பாராசூட் விரிந்தது.

ஒன்றுதான் விரிந்தது.

அந்தக் கூச்சல் ஜோன்ஸுக்கு எட்டவே இல்லையோ, எட்டியும் சுழலும் கூட்டுக்குள் எழுந்து நிற்க முடியவில்லையோ, அவர் வெளியே வரவில்லை. ராக்மானினோஃபின் பணத்தில் பிறந்த விமானம் பக்கோய்மா அருகே தரையில் மோதிச் சிதறியது. ஜோன்ஸும் அதோடு போனார்.

வில்சனைச் சும்மா விடவில்லை. உரிமத்தைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். சக விமானிகளின் சங்கமே அவரை ஒதுக்கியது. உள்ளே ஆள் இருக்கும்போது குதித்தவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் கழித்து கிளீவ்லேண்ட் விமானப் போட்டியில், தலைமேல் விசிறி சுழலும் ஓர் ஆட்டோஜைரோ விமானம் கிளப்பிய காற்றில் சிக்கி விழுந்து அவரும் இறந்தார். நான் அவர்மேல் மட்டும் பழி போடமாட்டேன். புகைக்கு நடுவே ஓர் ஆளை உட்காரவைத்து, அவருக்குத் தகவல் சொல்ல வெறும் கூச்சலை நம்பிய திட்டம் யாருடையது? ஜோன்ஸின் சாவு அந்தத் திட்டம் போட்டவர்கள் கணக்கில்தான் முதலில் எழுதவேண்டியது.

நம் நாட்டுப் படக்காரர்களுக்கு ஒரு விஷயத்தில் கொடுப்பினை. ஹடப்சருக்கு வடக்கே லோஹெகாவ் விமானப்படைத் தளம் இருக்கிறது. 1982-இல் வந்த 'விஜேதா' படத்தை எடுக்க சசி கபூரும் கோவிந்த் நிஹலானியும் அங்கேதான் போனார்கள். விமானப்படை அசல் மிக்-21-களையே பறக்கவிட்டது. மிக் மிக்காகவே நடித்தது. ஓட்டியவர்கள் அதை அன்றாடம் ஓட்டுகிறவர்கள். ஹாலிவுட் இந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள இன்னும் எத்தனை உயிரைக் கொடுத்தது என்பதைப் பின்னால் வரும் வாரங்களில் பார்க்கத்தான் போகிறோம்.

சிகோர்ஸ்கி? அவர் ஹெலிகாப்டருக்குப் போய்விட்டார். 1954-இல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் அவர் பெயர் தாங்கிய எஸ்-55.

ஹியூஸுக்கு இனி வானத்தில் வேலை இல்லை. கோத்தா விழுந்தாயிற்று. பெட்டி பெட்டியாகப் படச்சுருள் கையில் இருக்கிறது. வெட்டி ஒட்டினால் படம் தயார்.

தயாராகவும் ஆனது. போட்டும் பார்த்தார்கள். ஆனால் அது ஊமைப்படம். வெளியே தெருவில் மக்கள் பேசும் படத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சரி, வசனம் சேர்த்து மறுபடி எடு என்றார் ஹியூஸ். ஆங்கிலேயப் பெண்ணாக நடித்த கதாநாயகி கிரெட்டா நிஸ்ஸன் மைக் முன்னால் வந்து நின்றார்.

வாயைத் திறந்தார். அசல் நார்வே உச்சரிப்பு!

மூன்று உயிரைக் குடித்த படம், எக்கச்சக்கமான பணத்தை விழுங்கிய படம், கதாநாயகி இல்லாமல் நிற்கிறது. அந்த இடத்துக்கு ஹியூஸ் கூட்டிவந்தது, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு 18 வயதுப் பெண்ணை.

அவள் யாரென்று அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் கண்டுபிடித்தவர்கள் எழுதிப் போடுங்கள்.