கிளீனர் இருக்கை: நாமக்கல் வட்டார நெடுந்தொலைவு லாரித் தொழிலில் ஓட்டுநர் உருவான வரலாறு

முன்னுரை

தென்னிந்திய உழைப்பாளர் வரலாற்றை எழுதியோர் ஆலைத் தொழிலாளரையும் தோட்டத் தொழிலாளரையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நெடுஞ்சாலையிலேயே வாழ்நாளைக் கழித்த லாரி ஓட்டுநர் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அரசு ஆவணங்களில் அவரை விபத்துப் பட்டியல்களிலும் போக்குவரத்துக் குற்றப் பதிவுகளிலும் காண்கின்றோம். 1990களுக்குப் பின்னர் எய்ட்சு தடுப்புத் திட்ட அறிக்கைகளிலும் காண்கின்றோம். அங்கு அவர் நோயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கடத்தும் 'இணைப்பு மக்கள்' என வகைப்படுத்தப்பட்டார். ஒரு தொழிலை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் என்னும் நிலையில் அவரைக் காட்டும் ஆவணம் மிக அரிது.

அவர் அத்தொழிலை எங்கு, எவ்வாறு கற்றார் என்னும் ஒரு வினாவை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. ஓட்டுநரின் இடப்பக்கத்தில் அமர்ந்து சென்ற கிளீனரின் இருக்கையே அவருக்குப் பள்ளியாக இருந்தது என்பதும், சட்டம் அப்பள்ளியை ஒருபோதும் கணக்கில் கொள்ளாததால் அது மறைந்தபோது அதன் இழப்பும் கணக்கிடப்படவில்லை என்பதும் நாம் முன்வைக்கும் கருத்துகளாகும். 'சரக்குந்து', 'உதவியாளர்' முதலிய கலைச்சொற்கள் நம்மிடையே வழங்கினாலும், தொழில் செய்தோர் தம் வாயால் வழங்கிய லாரி, கிளீனர் என்னும் சொற்களையே ஈண்டுக் கையாளுகின்றோம். மலேசிய வாசகர் 'கெலிண்டான்' என்னும் சொல்லால் அறிந்திருப்பவரும் ஏறத்தாழ இவரே.

வறண்ட நிலமும் லாரியும்

கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். பண்டைய சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 1997 ஜனவரி முதல் நாள் தனி மாவட்டமான நாமக்கல், அதற்கு வெகு காலம் முன்பே லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாடும், 1955 முதல் அசோக் லேலண்ட் என்னும் பெயரில் எண்ணூரில் வளர்ந்த ஆலையும் இந்தியச் சாலைகளுக்கு டீசல் லாரிகளை வழங்கின. ஆலையிலிருந்து வந்தது வெறும் சேசிஸ் மட்டுமே. கூண்டும் இல்லாத அதனை மரப்பெட்டி ஒன்றின் மேல் அமர்ந்து, வெயிலும் காற்றும் முகத்தில் அறைய ஓட்டி வந்து, உள்ளூர்ப் பட்டறையில் 'பாடி' கட்டுவர். தச்சரும் கொல்லரும் பெயின்டரும் கூடி உருவாக்கிய இப்பட்டறைகள் நாமக்கல்லின் தனி அடையாளமாயின. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குத் திருச்செங்கோடும், சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல்லும் பின்னாளில் இந்தியா முழுவதும் அறியப்பட்டன.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒரு மாநில அனுமதிச் சீட்டு அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமாயின் அம்மாநிலத்தின் மேலொப்பம் தேவைப்பட்டது. 1975இல் வந்த தேசிய அனுமதித் திட்டம் இத்தடையைத் தளர்த்தியது. அதன்பின் கொங்கு லாரிகள் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் செல்வது வழக்கமாயிற்று. ஒரு 'நடை' பல நாள்களாகவும், சில வேளைகளில் வாரக் கணக்காகவும் நீண்டது. நடை நீண்டதனால் கிளீனரின் கல்வியும் நீண்டது என்பது நமக்கு இங்கு முக்கியம்.

கற்றல் நிகழ்ந்த முறை

கிளீனராகச் சேர்ந்த சிறுவன் பெரும்பாலும் ஓட்டுநரின் உறவினனாகவோ ஊர்க்காரனாகவோ இருந்தான். அவன் ஓட்டுநரை 'அண்ணே' என்றே அழைத்தான். ஓட்டுநருக்கோ அவன் 'டேய்' அல்லது 'தம்பி'. முதல் சில மாதங்களில் ஸ்டியரிங்கைத் தொடும் பேச்சிற்கே இடமில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுதல், கண்ணாடி துடைத்தல், தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுதல், மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வடித்தல் ஆகியவையே அவன் பணிகள். வடநாட்டுச் சாலையோர உணவு ஒத்துக்கொள்ளாத தமிழ் ஓட்டுநர்கள் அரிசியும் அடுப்பும் உடன் கொண்டு சென்றனர்.

இப்பணிகளைக் கூலி வேலை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் கிளீனர் ஓர் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்ப்பான். பின் அச்சில் இணையாக உள்ள இரு டயர்களில் உள்டயர் காற்றிழந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓசை மங்கி ஒலிப்பதைக் கொண்டே அறிய வேண்டும். கயிறு கட்டும்போது சுமை எப்பக்கம் சாய்கின்றது என்பதை அவன் கை அறிந்தது. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் குதித்து இறங்கிச் சக்கரத்தின் பின்னே கட்டை போட வேண்டும். எத்தனை டன் சுமை எத்தகைய சரிவில் எவ்வளவு விரைவில் பின்னோக்கி உருளும் என்பதை இவ்வாறு அவன் உடம்பால் கற்றான். பின்னர் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவ்வறிவு அவனிடம் ஏற்கெனவே இருந்தது.

இரண்டாம் கட்டம் இடப்பக்கக் கண் ஆதல். இந்திய லாரியில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் இடப்புறத்தின் பெரும்பகுதி அவர் பார்வைக்கு எட்டாது. சன்னலில் தலையை நீட்டி, கதவைத் தட்டி, 'ரைட்' என்றும் 'ஹோல்டான்' என்றும் குரல் கொடுத்த கிளீனரே அப்பக்கத்தைக் காத்தான். ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் ஒலியில் உருமாறிய இக்குரல்கள் மொழி ஆய்வாளருக்கும் பயன்படக்கூடியவை. கிளீனர்கள் தெலுங்கும் இந்தியும் மராத்தியும் பேசக் கற்றதும் இச்சாலைகளில்தான். சோதனைச் சாவடியிலும் எடைமேடையிலும் வழக்காடுவதற்கு எந்த மொழி எவ்வளவு தேவையோ அவ்வளவு கற்றனர்.

அடுத்தது வண்டியை நகர்த்துதல். சரக்கு ஏற்ற வரிசையில் காத்திருக்கும்போது, ஓட்டுநர் அயர்ந்திருந்தால், பத்தடி முன்னே நகர்த்த வேண்டிய பொறுப்பு கிளீனருக்கு வரும். காற்றுத் தொட்டியில் போதிய அழுத்தம் ஏறும்வரை பிரேக்கை நம்பக் கூடாது என்பது இங்கு முதற்பாடம். பழைய கியர்ப் பெட்டிகளில் ஒரு கியரிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றக் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் ஓசையைச் செவியால் அளந்து போட வேண்டும். தவறினால் பற்கள் உராயும் ஓசை எழும். அதனைத் தொடர்ந்து ஓட்டுநரின் கையும் எழும். இதனையெல்லாம் குருகுலம் எனப் போற்றுதல் எளிது. ஆனால் இக்கல்வியில் அடியும் வசையும் இருந்தன. கூலியில்லாத மாதங்களும் இருந்தன. பல இடங்களில் கிளீனருக்கு உரியது ஓட்டுநரின் படியிலிருந்தே பகிரப்பட்டது. சிறுவர்களும் இவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். இவற்றை மறைத்து எழுதும் வரலாறு நேர்மையானதன்று.

காலி வண்டி, சமவெளி, ஆளில்லாச் சாலை என்ற வரிசையில் ஸ்டியரிங் கைமாறியது. சுமை வண்டியும் மலைப்பாதையும் கடைசியில் வந்தன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாய் இதற்கு நல்ல சான்று. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குதல் வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்களின் பாடம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கினால் வேகத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின் மேல் விழும். அடிக்கடி மிதிப்பதால் டிரம் சூடேறி, பிடிப்புக் குறைந்து, வண்டி கையை மீறிச் செல்லும். தொப்பூரில் பல விபத்துகள் இவ்வாறே நிகழ்ந்துள்ளன. அறியாமையால் மட்டுமே இது நிகழ்கின்றது எனக் கூற இயலாது. மிச்சமாகும் டீசல் ஓட்டுநரின் வருவாயாகும் கூலி முறையும் இதற்குக் காரணமாகும்.

இன்னொன்றையும் சுட்ட வேண்டும். ஓட்டுநர் களைத்துக் கண் செருகும் பின்னிரவில்தான் கிளீனருக்கு நெடுஞ்சாலையில் ஓட்டும் வாய்ப்பு மிகுதியும் கிட்டியது. கற்பிப்பவர் உறங்கும் நேரமே கற்பவனுக்குரிய நேரமாக அமைந்தது. இம்முறையின் பெருங்குறையாக நாம் கருதுவது இதுவே.

சட்டம் கண்டதும் காணாததும்

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கிளீனரைத் தொழிலாளருள் ஒருவராகப் பெயர் சுட்டி ஏற்றது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வேலைநேரத்தை வரையறுத்து, நெடுந்தொலைவு வழிகளில் ஒப்புதலுடன் 10 மணி, 54 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. ஆயினும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை உடைய நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரிகளை உடைய சிறு முதலாளிகளே மிகுந்த இத்தொழிலில், பெரும்பாலோர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் பயிற்சியை வேறு வகையில் கண்டன. போக்குவரத்து வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இலகு வண்டி உரிமம் பெற்று ஓராண்டாவது கழிந்திருத்தல் வேண்டும். ஓட்டுநர் பள்ளியில் 30 நாள் பயிற்சியும் அதனுள் 15 மணி நேரம் வண்டி ஓட்டுதலும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்னும் நிபந்தனையும் 2019இல் நீக்கப்படும் வரை இருந்தது. கிளீனராகக் கழித்த ஆண்டுகளைக் குறிப்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை. உரிமம் பெற்ற பயிற்றுநர் அருகில் அமர, 'எல்' பலகையுடன் ஓட்டுவதே சட்டம் அறிந்த கற்றல். ஆகவே நெடுஞ்சாலையில் நிகழ்ந்த உண்மையான கற்றல் முழுவதும் சட்டத்திற்குப் புறம்பாயிற்று.

அவ்விதிகள் தேசிய அனுமதி பெற்ற லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்றும், ஒருவர் நீட்டிப் படுப்பதற்கு ஏற்ற இருக்கை வேண்டும் என்றும் வகுத்தன. நடைமுறையில் அந்த இரண்டாம் ஓட்டுநரின் இடத்தைப் பல வண்டிகளில் நிரப்பியவன் கிளீனரே. ஏட்டில் இருவர் ஓட்டுநர். வண்டியில் ஒருவர் ஓட்டுநர், மற்றவர் மாணவர்.

காலியான இருக்கை

கிளீனர் ஓட்டுநராகி, பழைய லாரி ஒன்றைக் கடனில் வாங்கி முதலாளியாதல் இவ்வட்டாரத்தில் பலர் ஏறிய படிக்கட்டாகும். 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்களும் உள்ளூர்க் கடன் கொடுப்போரும் பழைய வண்டிகளுக்குக் கடன் வழங்கியமை இதற்குத் துணை நின்றது. வருங்கால உயர்வை நம்பியே சிறுவர்கள் அடியையும் பசியையும் பொறுத்தனர். டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் உயர்ந்து, ஒற்றை லாரி முதலாளியின் நிலை தளர்ந்தபோது அந்நம்பிக்கையும் தளர்ந்தது. பள்ளிக்கல்வியின் பரவலால் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடியதும் இதனோடு சேர்ந்தது; அது வருந்துதற்குரியதன்று. பவர் ஸ்டியரிங்கும் டியூப் இல்லாத டயரும் பரவியபின் கிளீனரின் கைவேலை குறைந்தது. 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரியால் மாநில எல்லை வணிகவரிச் சாவடிகள் மூடப்பட, இறங்கி ஓடித் தாள்களைக் காட்டும் வேலையும் சுருங்கியது. செலவைக் குறைக்க விரும்பிய முதலாளிகள் ஓட்டுநரைத் தனியே அனுப்பலாயினர்.

இன்று ஓட்டுநர் பற்றாக்குறை என முதலாளிகள் முறையிடுகின்றனர். கூலியும் மதிப்பும் குறைவு என்பதே அவர்கள் கூறும் காரணம், அது உண்மையே. எனினும் ஓட்டுநரை உருவாக்கிய இருக்கையை நீக்கியவர்களும் அவர்களே என்பதை அம்முறையீடுகளில் நாம் காண்பதில்லை. நாமக்கல்லில் 1990களில் தோன்றிய அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்றவை பொறியையும் விதிகளையும் முறையாகக் கற்பிக்கின்றன. உறங்கும் ஆசிரியரிடம் கற்பதைவிட அது பன்மடங்கு மேலானது. ஆயினும் உள்டயரின் ஓசையையும் சுமை சாயும் திசையையும் பல நாள் நடை ஒன்றைத் தாங்கும் பொறுமையையும் 30 நாளில் கற்பிக்க இயலுமா என்பது எஞ்சி நிற்கும் வினா.

புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் கூண்டில் குளிரூட்டும் வசதி 2025இல் கட்டாயமாயிற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் அக்கூண்டில் சன்னல் வழியே குரல் கொடுப்பவருக்கு இடமில்லை. இத்தொழிலின் வரலாற்றை எழுத விரும்புவோர் விரைந்து தேட வேண்டிய சான்று ஒன்று உண்டு. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஓட்டுநர் முதலாளியிடம் ஒப்படைத்த நடைக்கணக்கு நோட்டுகளே அவை. டீசல், சுங்கம், ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றின் கீழே 'கிளீனர் படி' என ஒரு வரி, பெரும்பாலும் பெயரின்றி, அவற்றில் இருக்கும். பழைய முதலாளிகளின் வீடுகளில் அந்நோட்டுகள் எடைக்குப் போடப்படுவதற்கு முன் அவற்றைத் திரட்டுதல் வேண்டும். அந்த ஒரு வரியில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய ஓட்டுநர்களும் இப்போது முதியவர்களாகிவிட்டனர்.