முத்திரையும் நெசவும்: முதுநிலைத் தரவரிசையும் பல்கலைக்கழகத்தின் பெயரும் – ஆரணியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளையும் ஆராய்ச்சியையும் அளந்து தரப்படும் வரிசை எண், ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எந்த அளவு காரணமாகிறது? 1925இல் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சிகள் முதல் இந்தியாவின் தேசிய நிறுவனத் தரவரிசை (என்.ஐ.ஆர்.எஃப்.) வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊரான ஆரணி இதற்குக் களம். வரிசை எண் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள பெயரையே உறுதிப்படுத்துகிறது என்பதும், அப்பெயரில் பட்டம் பெறும் தொலைவூர்க் கல்லூரியின் தரத்தை அது காட்டுவதில்லை என்பதும் இதன் முடிபு.

1. பட்டியலின் தோற்றம்

ஒஹையோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் ரேமண்ட் ஹியூஸ். இளநிலை முடித்த மாணவர்கள் மேற்படிப்புக்கு எங்கே செல்லலாம் என்று வழிகாட்ட, 1925இல் அவர் ஒரு பட்டியலை வெளியிட்டார். அந்தந்தத் துறை அறிஞர்களின் கருத்தே அதில் அளவுகோல். முதுநிலைத் தரவரிசை, ஆக, மதிப்பைக் கேட்டு மதிப்பை எழுதும் முறையாகவே பிறந்தது.

ஆலன் கார்ட்டர் 1966இல் 29 துறைகள், 106 நிறுவனங்கள் என இம்முறையை விரித்தார். 1970இல் வந்த ரூஸ்–ஆண்டர்சன் அறிக்கை, யார் முதலிடம் என்ற போட்டியைத் தணிக்க முயன்றது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றமோ 2010இல் ஒவ்வொரு முனைவர் பட்டத் திட்டத்துக்கும் ஒற்றை எண் தராமல், இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் இடையில் என்று ஓர் இடைவெளியைத் தந்தது. அறிஞர்கள் இப்படி எண்ணை விட்டு விலகிவந்த காலத்தில்தான் இதழ்கள் அதைப் பற்றிக்கொண்டன. 1983இல் கல்லூரிகளை வரிசைப்படுத்தத் தொடங்கிய 'யு.எஸ். நியூஸ்' இதழ், 1987இல் முதுநிலைப் பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியல் 2003இல் வந்ததோடு இது உலகப் போட்டியானது.

எண் பெயரை உருவாக்குகிறதா, பெயர் எண்ணை உருவாக்குகிறதா? அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி பஸ்டீடோவும் போமனும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. ஒருமுறை வெளியான வரிசை, கல்லூரியின் தரம் மாறாவிட்டாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் சக கல்வியாளர்கள் தரும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது என்று அது காட்டியது. பெயரிலிருந்து எண் வருகிறது. எண் திரும்பிப்போய்ப் பெயரைக் கெட்டிப்படுத்துகிறது.

2. ஆரணிக்கு வந்த பெயர்கள்

இந்தப் பகுதி மாணவர்களுக்கு நெடுங்காலம் பட்டம் என்றால் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்ததும் கலை, அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. பாடம் நடத்தியவர்களும் வகுப்பறைகளும் மாறவில்லை. சான்றிதழின் தலைப்பில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

பொறியியலில் கதை வேறு. கிண்டி பொறியியல் கல்லூரி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களை இணைத்து 1978இல் உருவான அண்ணா பல்கலைக்கழகம், 2001ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மாநிலம் முழுவதுமுள்ள பொறியியல் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அமைப்பாயிற்று. 2007 முதல் அது பல பல்கலைக்கழகங்களாகப் பிரிந்து, 2012இல் மீண்டும் ஒன்றானது. ஆரணியை அடுத்த தச்சூரில் இயங்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி அதன் உறுப்புக் கல்லூரி. அங்கே படிப்பவரின் சான்றிதழிலும் கிண்டியில் படித்தவரின் சான்றிதழிலும் இருப்பது ஒரே பெயர்தான்.

3. என்.ஐ.ஆர்.எஃப். அளப்பது எதை?

2015இல் அறிவிக்கப்பட்டு 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட இத்திட்டம், பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலும் வளங்களும் 30, ஆராய்ச்சி 30, தேர்ச்சி விளைவுகள் 20, சமூக உள்ளடக்கம் 10, பிறர் கருத்து 10 என மதிப்பெண் பகிர்கிறது. ஆராய்ச்சித் தலைப்புக்கு வெளியேயும் முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கை கணக்கில் வருகிறது. பெயருக்கென்று ஒதுக்கியது 10தான் என்றாலும், பெயருள்ள இடத்தைத் தேடித்தான் ஆய்வு மாணவர்களும் நிதியும் போகின்றன. அந்த வகையில் மற்றத் தலைப்புகளிலும் பெயருக்குப் பங்குண்டு.

மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கெனத் தனிப்பிரிவு வந்த 2024இல் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது; 2025இல் ஜாதவ்பூர் முதலிடத்துக்கும் அண்ணா இரண்டாமிடத்துக்கும் வந்தன. இந்த ஓரிட இறக்கத்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். மேல்வரிசையில் சில இடங்கள் ஏறுவதும் இறங்குவதும் பெயரைப் பெரிதாக அசைப்பதில்லை.

4. அருகில் ஓர் அளவு, தொலைவில் ஓர் அளவு

ஆரணி நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும்போது கேட்கப்படுவது கட்-ஆஃப் மதிப்பெண், கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காடு, கேம்பஸ் வேலை, விடுதிச் செலவு ஆகியவையே. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. அதே பிள்ளை எம்.இ. அல்லது ஆராய்ச்சிக்கு வெளிமாநிலமோ வெளிநாடோ விண்ணப்பிக்கும்போது நிலைமை மாறுகிறது. தச்சூரை அறியாத தேர்வுக்குழு, பல்கலைக்கழகத்தின் பெயரையும் வரிசையையும் பார்க்கிறது. நேரில் அறிய வழியில்லாதவர்களிடமே வரிசை எண்ணுக்குச் செல்வாக்கு அதிகம்.

மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் இதை விளக்கும். புடவையின் இழை அசல் பட்டு என்று அந்த முத்திரை சொல்லும்; நெசவின் நேர்த்தியைச் சொல்லாது. வெளியூரில் வாங்குபவருக்கு அது பெரிய துணை. ஆரணியில் தறியருகே நின்று வாங்குபவரோ முந்தியை விரித்துப் பார்த்தே முடிவு செய்வார்.

முடிவுரை

முதுநிலைத் தரவரிசை பெயருக்கு முக்கியமானதுதான். ஆனால் அது பெயரின் வேர் அன்று. பழைய பெயருக்கு அது காவல். புதிய பல்கலைக்கழகத்துக்கு முதல் அறிமுகம். மாநிலம் முழுவதும் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகத்தில், மையத்தில் ஈட்டிய எண்ணை விளிம்பிலுள்ள கல்லூரிகளும் பயன்படுத்துகின்றன. அவற்றின் உண்மை நிலை அந்த எண்ணுக்குள் மறைந்தும் போகிறது. ஆகவே ஒவ்வோர் உறுப்புக் கல்லூரியிலும் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அங்கிருந்து மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர் என்ற விவரங்களைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தனித்தனியே வெளியிட வேண்டும். ஹியூஸ் தம் மாணவர்களுக்குச் செய்ய நினைத்த உதவி, ஆரணி மாணவருக்கு அப்போதுதான் கிடைக்கும்.