உளவியல் திகில் படங்களின் டைட்டில்கள்

உளவியல் திகில் படங்களில் டைட்டில் ஓடும் இரண்டு மூன்று நிமிடங்களில் பெரும்பாலும் கதை நகர்வதே இல்லை. பாத்திரங்கள் யாரென்று தெரியாது; ஆபத்து எங்கிருந்து வரப்போகிறது என்பதும் தெரியாது. ஆனாலும் நல்ல டைட்டில் முடிவதற்குள் மனம் கலங்கிவிடுகிறது. அந்தக் கலக்கத்தோடுதான் முதல் காட்சியையே பார்க்கத் தொடங்குகிறோம்.

1950-களின் நடுப்பகுதிவரை ஹாலிவுட்டில் டைட்டில் பெரும்பாலும் வெறும் பெயர்ப் பட்டியல்தான். திரைச்சீலை விலகும் முன்பே அதை ஓட்டிவிட்ட திரையரங்குகளும் உண்டு. 1955-இல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படச்சுருள் பெட்டிகளில், சீலையை விலக்கிய பிறகே டைட்டிலை ஓட்டும்படி ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். அதை வடிவமைத்தவர் வரைகலைஞர் சால் பாஸ் (1920–1996). திகில் பட டைட்டிலின் உண்மையான வரலாறு அவரும் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனும் சேர்ந்ததிலிருந்து தொடங்குகிறது.

'வெர்டிகோ' (1958) டைட்டிலில் கேமரா ஒரு பெண்ணின் முகத்தை மிக நெருங்கி, உதட்டிலிருந்து கண்ணுக்கு நகர்கிறது. திரை சிவக்க, விழி விரிய, கண்மணிக்குள்ளிருந்து படத்தின் பெயர் எழுந்து வருகிறது. அடுத்து வரும் சுழல்களை உருவாக்கியவர் ஜான் விட்னி. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் குறிபார்க்க உதவிய போர்க்காலக் கணக்கிடும் கருவியை மாற்றியமைத்து அவற்றை வரைந்தார். ஹெர்மனின் சுரங்கள் ஒருபுறம் ஏற, மறுபுறம் இறங்குகின்றன. உயரத்தைக் கண்டு தலைசுற்றும் நாயகனை நாம் இன்னும் சந்திக்கவில்லை. சுற்றல் நமக்கு வந்துவிடுகிறது.

'சைக்கோ' (1960) இதைவிடச் சிக்கனமானது. முகம் இல்லை, இடம் இல்லை. கோடுகள் குறுக்கிலும் நெடுக்கிலும் பாய்கின்றன. துண்டுதுண்டாக வரும் எழுத்துகள் ஒன்றுசேர்ந்து ஒரு கணம் பெயராக நிற்கின்றன. மறுகணம் வெட்டுண்டு நழுவுகின்றன. பித்தளைக் குழல்களையும் தாளக் கருவிகளையும் ஒதுக்கி, நரம்பிசைக் கருவிகளை மட்டுமே ஹெர்மன் பயன்படுத்தினார். படத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை பிறகுதான் வருகிறது. திருடிய 40,000 டாலரோடு நாயகி மேரியன் காரில் தப்பிப் போகும்போது இதே இசை திரும்புகிறது. திரையில் ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த இசைக்குப் பதறுவதற்கு டைட்டிலிலேயே நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

அதே பத்தாண்டில் பிரிட்டனில் வேறு வழிகள் பிறந்தன. 'தி இன்னசென்ட்ஸ்' (1961) படத்தில் நிறுவனச் சின்னம்கூட வருவதற்கு முன், இருண்ட திரையில் ஒரு குழந்தை பாடும் குரல் மட்டும் கேட்கிறது. ரோமன் பொலான்ஸ்கியின் 'ரிபல்ஷன்' (1965) டைட்டில், ஜேம்ஸ் பாண்ட் படங்களால் புகழ்பெற்ற மாரிஸ் பைண்டருடையது. திரை முழுக்கக் கதெரின் தெனேவின் ஒற்றைக் கண். அதன்மேல் பெயர்கள் ஊர்கின்றன. கண் அலைகிறது, இமைக்கிறது. இயக்குநரின் பெயர் விழியின் குறுக்கே கிழிப்பதுபோல் போகும்போது, லூயி புனுவெலின் 1929 படத்தில் சவரக்கத்தி கண்ணை அறுக்கும் காட்சி நினைவுக்கு வராமல் இருக்காது.

ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' (1980) படத்தில் பட்டப்பகலைத் தேர்ந்தெடுத்தார். மொன்டானா மாநிலத்தின் பனிமலைகளுக்கிடையே ஒரு சிறிய மஞ்சள் ஃபோக்ஸ்வேகன் போகிறது. ஹெலிகாப்டரிலிருந்து கேமரா அதைத் துரத்துகிறது. யார் துரத்துவது என்ற கேள்விக்கு விடையில்லை. வென்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் சின்தசைசரில் வாசிப்பது, இறந்தோருக்கான இடைக்காலத் திருப்பலியில் பாடப்பட்ட 'டீஸ் ஈரே' மெட்டு. நீல எழுத்துகள் கீழிருந்து மேலே நகர்கின்றன, படம் முடிந்துவிட்டதைப் போல.

டேவிட் ஃபிஞ்சரின் 'செவன்' (1995) டைட்டிலுக்குக் கைல் கூப்பர் எழுத்துகளைக் கையாலேயே கீறினார். ஒருவன் சவர பிளேடால் விரல்நுனித் தோலைச் சீவுகிறான், நோட்டுப் புத்தகங்களைத் தைக்கிறான். கொலையாளி முகம் காட்ட வெகுநேரம் ஆகும். கைகள் இங்கேயே வந்துவிட்டன. அவனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயரை மட்டும் இந்த டைட்டிலில் சேர்க்கவில்லை. பயத்தை வளர்க்க ஒரு பெயரை மறைத்ததும் டைட்டில் கலைதான்.

மிகயேல் ஹானெகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) மூர்க்கமானது. காரில் போகும் குடும்பம் மேற்கத்தியச் செவ்விசையைக் கேட்டு, பாடுவது யாரென்று ஊகித்து விளையாடுகிறது. திடீரென்று பெரிய சிவப்பு எழுத்துகளோடு ஜான் சோர்னின் அலறல் இசை வெடிக்கிறது. காரில் இருப்பவர்களுக்கு அது கேட்பதில்லை; அவர்கள் சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

இப்போது பல படங்கள் பெயர்களை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. அதனால் ஒரு நல்ல ஆயுதம் கைநழுவிப்போகிறது என்பதே உண்மை. விவரமறிந்தவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடுவதில்லை: ஆரி ஆஸ்டரின் 'ஹெரிடிட்டரி' (2018), பாட்டியின் மரண அறிவிப்பை எழுத்தில் காட்டித் தொடங்கி, ஒரு பொம்மை வீட்டின் அறைக்குள் கேமராவை நகர்த்தி, அதே அறையில் நிஜ மனிதர்களை நடமாட விடுகிறது.