ஒரு காய்ச்சல் குளிசையின் கதை

மூளைக்குள் பெரிய இரத்தக்கசிவு. சத்திரசிகிச்சை முடிஞ்சு சில கிழமையில் ஒருவர் கண்ணைத் திறக்கிறார். ஆனா கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரில்லை. 'இவர் உள்ளுக்குள்ள இருக்கிறாரா?' என்று வீட்டாக்கள் கேட்பினம். இந்த நிலைக்கு 1972இல்தான் பிறயன் ஜெனெற், பிரெட் பிளம் என்ற இரு மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: நீடித்த தாவரநிலை. ஒரு மனிசரைத் தாவரம் என்று எழுதின பிறகு, அவருக்கு மருந்து தேட வேணும் என்று யாருக்குத் தோன்றும்?

மருந்து வந்தது வேறு வழியால். அமன்ரடின் என்ற குளிசை 1966இல் அமெரிக்காவில் இன்புளுவன்சாவைத் தடுக்க அனுமதிக்கப்பட்டது. 1968இல் அதை எடுத்த, பார்க்கின்சன் நோயுள்ள 58 வயதுப் பெண் ஒருவர் தன்ர விறைப்பும் நடுக்கமும் குறைஞ்சதைத் தானே கவனித்தார். நிறுத்தினதும் அவை திரும்பி வந்தன. அவர் சொன்னதை அலட்சியம் பண்ணாமல், மருத்துவர் றொபேட் ஷ்வாபும் சகாக்களும் மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1969இல் எழுதினார்கள்.

இந்தக் குளிசை மூளையில் டோபமினின் வேலையைக் கூட்டுகிறது. விழிப்புக்கும் முனைப்புக்கும் டோபமின் வேணும். அதனால் மூளை அடிபட்டு உணர்வு திரும்பாதவர்களுக்கும் இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2012இல் 184 பேரில் செய்த ஆய்வு வெளிவந்தது. நாலு கிழமை அமன்ரடின் எடுத்தவர்கள் வெற்றுக்குளிசை எடுத்தவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். நிறுத்தி இரண்டு கிழமையில் இரு பகுதியும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தது. ஆக, தேறும் வேகம் கூடினது உண்மை; கடைசியில் எவ்வளவு தூரம் தேறுவார் என்பதையும் மாற்றுமா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை.

இன்னொன்று: அந்த 184 பேரும் விபத்துப்போன்றவற்றில் தலை அடிபட்டவர்கள். இரத்தக்கசிவு வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள்தான். ஆனா அவர்களுக்கு அதே பலத்தில் ஆதாரம் இல்லை.

மருந்துக்கு முதல் கேட்கவேண்டிய கேள்வியும் இருக்கு. 2009இல் ஒரு ஆய்வில், தாவரநிலை என்று மருத்துவக்குழு முடிவெடுத்த 44 பேரை ஒழுங்கான அளவுகோலால் மறுபடி சோதித்தார்கள். 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. 1968இல் அந்தப் பெண்ணால் தன்ர மாற்றத்தை வாயால் சொல்ல முடிஞ்சது. இவர்களால் அது ஏலாது. ஆகவே கட்டிலடியில் நிற்கிற நாங்கள் 'என்ன மருந்து?' என்று கேட்கமுதல், 'எப்படிச் சோதிச்சனீங்கள், எத்தனை தரம்?' என்று கேட்கவேணும்.